கால்மேல் உட்கார்ந்த பூனை

வசந்தாமணி தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜையோரம் உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது, முன்னால் கிடந்த அவரைப் பிஞ்சு பாதிக்குமேல் நார் உரித்தாகிவிட்டது, குளியலறைக் கதவு மட்டும் இன்னும் ஒருக்களித்தபடியே இருந்தது. முழுக்கச் சாத்தக் கூடாதாம், சாத்தினால் பட்டு பயந்துகொள்வாளாம். முழுக்கத் திறக்கவும் கூடாதாம், திறந்தால் பட்டுவுக்குக் கவனம் சிதறிவிடுமாம். பூனைக்குக் கவனம். அந்தப் பக்கம் யாரும் நடக்கக் கூடாது, மிக்ஸி போடக் கூடாது, குக்கர் விசில் அடித்தால் அன்றைய பாடம் பாழ். சொன்னது வேறு யாருமில்லை, அவள் கழுத்தில் தாலி கட்டிய நாச்சிமுத்துதான், மில்லில் நூற்புப் பகுதிக்கு சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், நூல் சுற்றுகிற ஆயிரம் கதிர்கள் சுழலும் இரைச்சலுக்கு நடுவே அரை ஆயுளைக் கழித்த மனுஷன், இப்போது குக்கர் விசிலுக்குப் பயப்படுகிறார். வெள்ளைக்காரி ஒருத்தியின் பூனை வெஸ்டர்ன் கக்கூஸின் விளிம்பில் நாலு காலையும் சேர்த்து வைத்துக்கொண்டு தாசில்தார் மாதிரி உட்கார்ந்து காரியத்தை முடித்துவிட்டுக் குதித்துப் போகிறதை யூடியூபில் பார்த்தாராம், அன்றைக்குப் பிடித்தது. பூனை மண்ணில் போய்க்கொண்டிருந்தவரைக்கும் ஒரு குறையும் இல்லை, அதுபாட்டுக்குப் பின்பக்க பால்கனியில் மணல் டப்பாவில் குழி பறித்தது, போயிற்று, மூடியது. பூனைக்கு இருக்கிற அந்த இங்கிதத்தைக் கெடுப்பதற்கென்றே ஒருவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளேயிருந்து, வா சாமி, வா கண்ணு, ஏறு, ஒண்ணும் பண்ணாது, என்று குரல் வந்தது. சாமியாம், கண்ணாம். வசந்தாமணி ஒரு பிஞ்சை நாரோடு சேர்த்து இரண்டாக ஒடித்தாள். சுகந்தி பிறந்து தவழ்ந்து நடந்து பள்ளிக்கூடம் போய்ச் சடங்காகிக் கல்யாணமாகிப் பூனாவுக்குப் போகிறவரைக்கும் இந்த மனுஷன் வாயிலிருந்து பெற்ற மகளுக்கு ஒரு கண்ணு வந்திருக்குமா. ஏ, இங்க வா, போய்ப் படி, தண்ணி கொண்டா, அவ்வளவுதான். குழந்தை ஈரத்தோடு மேலே ஏறிவிட்டால் இரண்டு கையையும் நீட்டி, ஒழுகுகிற எண்ணெய் டின்னைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டு, வசந்தா, இத வந்து வாங்கு, என்பார். இவளை அல்ல, இதை. வாங்குகிற வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார். வாங்கின கையோடு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார், அந்த நாத்தம் அவருக்கு ஆகாது, குமட்டும், சோறு இறங்காது. அந்த மூக்கு எங்கே போயிற்று இப்போது. முந்தாநாள் பூனைக்காகக் கக்கூஸில் செருகின தட்டைக் குனிந்து பார்த்துவிட்டு வந்து, இவள் தோசை வார்த்துக்கொண்டிருக்கிறாள், இன்னைக்கு நல்லா கெட்டியாப் போயிருக்குறா புள்ள, என்று முகமெல்லாம் சிரிப்பாகச் சொல்கிறார். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள். சுகந்தியிடம் போனில் சொன்னால் அவள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், அப்பா எவ்வளவு க்யூட்டும்மா, வீடியோ எடுத்து அனுப்பும்மா. க்யூட். அடி போடி, நீ உட்கார்ந்த கால் இதோ இங்கே இருக்கிறது, இதை யார் வீடியோ எடுத்தார்கள்.

அவள் மேஜைக்கடியில் கால்களைப் பார்த்துக்கொண்டாள். வீங்கித்தான் இருந்தன. முட்டி தேய்ந்துவிட்டது, இனிமேல் குத்தவைத்து உட்காரவே கூடாது, வெஸ்டர்ன்தான், என்று டாக்டர் படம் எடுத்துக் காட்டிச் சொன்ன பிறகுதான் அந்த வெஸ்டர்னையே போட்டது, போட்டது யாருக்கு, அவளுக்கு. இப்போது அதன் நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் தட்டு ஒன்றைச் செருகி வைத்திருக்கிறார், ஓட்டையைச் சுற்றி மணல், மணலுக்குப் பக்கத்தில் கருவாட்டுத் துண்டு. ஓட்டையை வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசாக்கிக்கொண்டே போக வேண்டுமாம், கடைசியில் தட்டே இல்லாமல் போய்விடுமாம், அதுவரைக்கும் அவள் பால்கனியோரத்து இந்தியன் கக்கூஸுக்குப் போக வேண்டியது. காலையில் போனாள். குழாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, குழாயைப் பிடித்துக்கொண்டே எழுந்தாள், எழும்போது முட்டி படக்கென்று சொன்ன சத்தம் அவளுக்கே கேட்டது, அப்படியே சுவரில் சாய்ந்து நின்றாள், கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. வெளியே வந்தால் அவர் மணலைச் சலித்துக்கொண்டிருக்கிறார். ஏனுங்க, நா அதுக்குப் போகோணும்னா என்னத்தப் பண்ணுறது, என்று இதைத் தொடங்கிய அன்றைக்கே அவள் கேட்டதற்கு அவர் சொன்னார், நீ சொன்னாப் புரிஞ்சுக்குவ, அதுக்கு வாயா இருக்குது பாவம். வாய் இருப்பதால் வந்த வினை இது. வாயில்லாமல் பிறந்திருந்தால் அவளுக்கும் ஒரு கருவாட்டுத் துண்டு கிடைத்திருக்கும்.

முட்டி போனால் அடுத்தது இடுப்பு. இடுப்பு போனால் படுக்கை. கீழ்வீட்டு ஜெகதாம்பாளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனதே, பேச்சு குழறி, எல்லாம் படுக்கையிலேயே, அவள் புருஷன் ஒருநாள் அந்த அறைக்குள் நுழைந்து யாராவது பார்த்திருக்கிறார்களா. நர்ஸ் பெண் வருகிறவரைக்கும் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு மாடிப்படியில் நிற்கிறார். எனக்கு இந்த வாடை ஒத்துக்கறதில்லீங்க, என்று போகிற வருகிறவர்களிடம் சொல்கிறார், சொல்லிவிட்டு ஏதோ சர்க்கரை வியாதியைச் சொன்னமாதிரி முகத்தை வைத்துக்கொள்கிறார். ஒத்துக்கொள்வதில்லை. ஜெகதாம்பாளுக்கு மட்டும் எல்லாம் ஒத்துக்கொண்டதாக்கும், அந்தப் புருஷனின் அம்மா படுக்கையில் கிடந்து போனபோது அள்ளிப் போட்டது யார். போன வாரம் ரசம் கொண்டுபோய்க் கொடுக்கப் போனபோது ஜெகதாம்பாள் இவள் கையைப் பிடித்து விடவே இல்லை, ஏதோ சொன்னாள், புரியவில்லை, ஆனால் எதைச் சொல்கிறாள் என்று வாடையிலேயே தெரிந்தது, நர்ஸ் பெண் அன்றைக்கு வரவில்லை. வசந்தாமணிதான் துடைத்துவிட்டு வந்தாள். மேலே வந்து படுத்தால் தூக்கம் பிடிக்கவில்லை. நாளைக்கு நான் அப்படிக் கிடந்தால். இவர் எந்தப் படியில் நிற்பார். கேட்கலாம், பக்கத்தில்தான் படுத்திருக்கிறார், ஏனுங்க, எனக்கு ஒண்ணுன்னா நீங்க பாப்பீங்களா, என்று கேட்டுவிடலாம், ஆனால் அவர்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாரே. மில்லுக்காரர் தூக்கம். மெஷின் சத்தத்தில் காது மந்தம், ஷிப்ட் வேலையில் உடம்பு அலுப்பு, படுத்தால் இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார். கல்யாணமான புதிதிலிருந்து அவள் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள் இதை, கொஞ்சம் பெருமையாகக்கூட. மனுஷன் கெட்டவரில்லை, குடியில்லை, சீட்டு இல்லை, தூக்கம் ஒன்றுதான்.

உள்ளே ஏதோ தடால் என்றது. பூனை விழுந்திருக்கும். நேற்று தட்டு சறுக்கித் தண்ணீரிலேயே விழுந்துவிட்டது, விழுந்த வேகத்தில் அவர் கையைக் கீறிக்கொண்டு ஓடி அலமாரிமேல் ஏறியதுதான், சாயங்காலம்வரை இறங்கவில்லை, அவர் கீழே நின்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். நிஜமாகவே கேட்டார், தப்புத்தாஞ் சாமி, தப்புத்தான், நாந்தான் சரியா மாட்டல, என்று. அவள் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், கையில் கரண்டி இருந்தது. இந்த மனுஷனுக்குத் தப்பு என்ற வார்த்தை தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும். அதை நினைத்ததும் இப்போது கோபத்தில் காது சுட்டது. அவள் துண்டை மேஜைமேல் வீசிவிட்டு எழுந்தாள், எழுவதற்கு மேஜையைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது, போய்க் கதவைத் தள்ளி, போதும், உங்க பூனையும் வேண்டாம் நீங்களும் வேண்டாம், வெளிய வாங்க, நா குளிக்கோணும், என்று சொல்லிவிடுவது என்றுதான் போனாள். சொல்ல வேண்டியதை நடக்க நடக்க அடுக்கிக்கொண்டே போனாள், முதலில் முட்டி, பிறகு குழாய், பிறகு டீக்கடை. கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். வைத்தவள் நின்றுவிட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். ஈரத் தரையில், வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, முதுகைச் சுவரில் சாய்த்து, இரண்டு காலையும் சேர்த்து நீட்டி. நீட்டின கால்களின்மேல், பாதமும் கணுக்காலும் சேருகிற இடத்தில், அந்தத் தட்டை வைத்திருந்தார். உயரத்துக்குப் பயந்துபோன பூனையை முதலிலிருந்து பழக்குகிறார் போலிருக்கிறது, தரையிலிருந்து, தன் காலிலிருந்து. பட்டு தட்டின்மேல் முன்னங்காலை வைத்துப் பார்த்தது, எடுத்தது, அவர் முகத்தைப் பார்த்தது. நரைத்த கால் ரோமம், பித்தவெடிப்பு, கை முழுக்க நகக்கீறல். முட்டி, குழாய், டீக்கடை எல்லாம் வசந்தாமணிக்கு மறந்துபோயிற்று. இப்படி உட்கார்ந்த ஒரு ஆம்பளையை அவள் ஜென்மத்தில் பார்த்ததில்லை. பொம்பளைகள் உட்காருகிற உட்கார்ச்சி அது. கழுத்து நிற்காத குழந்தையிலிருந்து வாயில் பேச்சு வருகிற குழந்தைவரைக்கும் அப்படித்தான், காலை நீட்டி, பாதங்களைக் கொஞ்சம் அகட்டி, நடுவில் குழந்தையை உட்காரவைத்து, கக்கத்தில் கை கொடுத்து, அம்மா கால்தான் கக்கூஸ். கீழே விழாது, குளிராது, பயமில்லை. சுகந்திக்கு எத்தனை நாள் அப்படி. பாதத்தில் சூடாக வந்து விழும்போது, அப்பாடா, என்றிருக்கும், அருவருப்பே தோன்றியதில்லை, வந்துவிட்டது, இனிக் குழந்தை தூங்கும், அவ்வளவுதான் தோன்றும். இவர் எங்கே பார்த்தார் இதை. எங்கேயோ பார்த்திருக்கிறார், பார்த்ததை இத்தனை வருஷம் வைத்திருந்திருக்கிறார். கழுதை வயசான பிறகு வந்திருக்கிறது, வந்துவிட்டுப் போகட்டும், வந்ததே. அந்தத் தட்டின்மேல் பூனை போனால் அவர் காலில்தான் வழியும், தெரிந்துதான் உட்கார்ந்திருக்கிறார். மூக்கைப் பொத்தவில்லை. ஜெகதாம்பாளின் புருஷன் இப்படி உட்கார மாட்டான். நான் படுக்கையில் கிடந்தால்கூட ஒருவேளை, ஒருவேளை இவர், என்று வசந்தாமணி நினைத்தாள், நினைக்கும்போதே கதவை மெல்ல விட்டுவிட்டுத் திரும்பினாள். பூனைக்குக் கவனம் சிதற வேண்டாம் என்று அவளே பூனை மாதிரி நடந்தாள்.

அப்போதுதான் அவர் பாட ஆரம்பித்தார். பாட்டு என்று அதைச் சொல்ல முடியாது. ஸ்ஸ்ஸ் என்று ஒரு நீளச் சத்தம், குழந்தைக்கு மூத்திரம் வர எல்லா அம்மாக்களும் போடுகிற சத்தம், அதற்குப் பிறகு ராகமில்லாத நாலு வார்த்தை. ஸ்ஸ்ஸ், வாய்க்காத் தண்ணி வருது வருது, ஸ்ஸ்ஸ், வரப்பு மேல எறும்பு ஓடுது, ஓடு எறும்பே ஓடு. வசந்தாமணி சிரித்துவிட்டாள், அட, நம்ம பாட்டு, என்று ஒரு நொடி சந்தோஷமாகக்கூட இருந்தது. அடுத்த அடி வைக்கவில்லை. நம்ம பாட்டு. அது யாருடைய பாட்டும் இல்லை, அவள் அப்பன் வீட்டு வாய்க்காலையும் வரப்பையும் நினைத்து அவளாகக் கட்டினது, பகலில் அவள் அதைப் பாடினதே இல்லை. பகலில் மாமியார் இருப்பார், இதென்ன கிறுக்குப் பாட்டு என்று கேலி பண்ணுவார், பகலில் வெறும் ஸ்ஸ்ஸ் மட்டும்தான். ராத்திரிதான் பாட்டு. மில் குடியிருப்பில் அந்த ஒற்றை அறையும் அடுப்படியும், மாமியார் வெளித் தாழ்வாரத்தில், அடுப்படி மூலையில் தண்ணீர் போகிற சலதாரைக்கு முன்னால் அவள் காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள், விளக்குப் போடாமல், போட்டால் அவர் தூக்கம் கெடும் என்று, குரலைக்கூட உதட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு. நாலு எட்டுத் தள்ளி அவர் கட்டில். அவர் குறட்டை. அந்தக் குறட்டைக்கு நடுவில் புகுந்து புகுந்துதான் அவள் பாடுவாள். அப்படியானால் இந்தப் பாட்டு இவருக்கு எப்படி.

எப்பவாவது ஒரு தரம் முழிப்பு வந்திருக்கும். மனுஷன்தானே, புரண்டு படுக்கும்போது காதில் விழுந்திருக்கும், பாவம், என்று அவளே அவருக்காக வாதாடினாள், பழக்கம், இத்தனை வருஷமும் அவர் கட்சிக்கு அவள்தான் வக்கீல். மந்தக் காதில் கூடவா விழும். விழுந்திருக்கும். அவள் மேஜைக்கு வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே ஸ்ஸ்ஸ் தொடர்ந்தது. வாய்க்காத் தண்ணி வருது வருது. வரப்பு மேல எறும்பு ஓடுது. ஓடு எறும்பே ஓடு, ஒறங்குற அப்பனக் கடிச்சுட்டு ஓடு. அந்த அடி பாட்டில் இல்லை. அந்த அடி ஒரே ஒரு ராத்திரிக்கு மட்டும் வந்தது. சுகந்திக்குச் சீதபேதி, ஐப்பசி மழை, குழந்தை துவண்ட துணியாக அவள் காலில் கிடக்கிறது, போகிறது, கழுவுகிறாள், மறுபடி போகிறது, அவளுக்கும் காய்ச்சல், பல் கிட்டுகிறது, பச்சைத் தண்ணீரைத் தொட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. அடுப்பில் வெந்நீர் இருக்கிறது, எட்டவில்லை. அன்றைக்குத்தான் அவள் கூப்பிட்டாள். ஏனுங்க, வெந்நி கொஞ்சம் எடுத்துத் தாங்க, கால்ல புள்ள இருக்குது, எந்திரிக்க முடியல. குறட்டை ஒரு நொடி நின்றது. நின்றது, இப்போது நினைவு வருகிறது, நின்றது, பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடங்கியது. மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை, காலையில் ஷிப்டுக்குப் போகிற மனுஷன், அலுப்பு, என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அழுகையை அடக்கத்தான் அந்த அடியைக் குழந்தைக்குப் பாடினாள், ஒறங்குற அப்பனக் கடிச்சுட்டு ஓடு, விளையாட்டாக, குழந்தைகூட லேசாகச் சிரித்தது. விடிய விடியப் பாடினாள். விடிந்து அவர் எழுந்து, என்ன, மூஞ்சியெல்லாம் ஒருமாதிரி இருக்குது, என்று கேட்டுவிட்டுப் பல் விளக்கப் போனார். அவள் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

ஒரு அடியும் விடாமல் வைத்திருக்கிறார். கேட்டிருக்கிறார், முழுசாக, விடிய விடிய. கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டு, குறட்டையையும் விட்டுக்கொண்டு, கேட்டிருக்கிறார். எப்படி முடிந்தது, எழுந்திருக்காமல் இருப்பதற்கு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்க வேண்டும், குறட்டை விட எவ்வளவு மூச்சு வேண்டும், அதில் பாதி மூச்சுக்கு வெந்நீரை எடுத்து நீட்டியிருக்கலாமே. அந்த ஒரு ராத்திரிதானா, எல்லா ராத்திரியுமா. போன வாரம், ஜெகதாம்பாளைத் துடைத்துவிட்டு வந்து படுத்த ராத்திரி, நான் பெருமூச்சு விட்டுக்கொண்டு கிடந்தபோது. இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேனே, என் வாயாலேயே சொன்னேனே, கேட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாரே. அவரை மன்னிக்கிறதற்கு அந்தத் தூக்கமாவது இருந்தது, அதையும் எடுத்துக்கொண்டுவிட்டார். அதுவும் ஒரு பூனைக்குப் பாடிக் காட்டி. அவளுக்கு வந்தது கோபம்தான், சுத்தமான கோபம், போய்த் தட்டோடு பூனையோடு எல்லாவற்றையும் அவர் தலையில் கவிழ்த்துவிட வேண்டும் போலிருந்தது. கவிழ்த்தால் குளித்துவிட்டு வருவார், என்னத்துக்கு இப்ப இந்தக் கோவம் என்பார், எந்தக் காலத்துக் கதை என்பார்.

பாட்டு நின்றது. உள்ளேயிருந்து அவர் குரல், சந்தோஷத்தில் கம்மிப்போய், கிசுகிசுப்பும் கூப்பாடும் பாதிப்பாதியாக வந்தது. “வசந்தா, போயிட்டா புள்ள. கால்லயே போயிட்டா.” மறுபடியும் கூப்பிட்டார். “வசந்தா, கொஞ்சம் வெந்நி கொண்டாயேன். கால்ல பட்டு இருக்குறா, எந்திரிச்சா மெரண்டுரும். வழியுது.”

அடுப்பில் வெந்நீர் இருந்தது, அவள் குளிப்பதற்கு வைத்தது, ஆவி மூடியைத் தட்டிக்கொண்டிருந்தது. வசந்தாமணி அதைப் பார்த்தாள். போய் அடுப்பை அணைத்தாள். நார் உரித்த அவரையைப் பாத்திரத்தில் அள்ளி மூடி வைத்தாள். பிறகு படுக்கையறைக்குப் போய், கதவை அகலத் திறந்து வைத்து, அவர் கட்டிலில், அவர் தலையணையில், முட்டியை மெதுவாக நீட்டிப் படுத்தாள். வெயில் ஜன்னலில் நன்றாக ஏறியிருந்தது. பால்காரன் பாக்கி கேட்க வருகிற நேரம், வந்தால் வரட்டும். கண்ணை மூடிக்கொண்டாள். குறட்டை விட்டு அவளுக்குப் பழக்கமில்லை, முதல் மூச்சு இருமலாகப் போயிற்று, இரண்டாவது சரியாக வந்தது. தொண்டையின் அடியிலிருந்து இழுத்து, மூக்கில் உருட்டி, நிதானமாக விட வேண்டும், பக்கத்தில் படுத்துக் கேட்ட பாடம்தானே.

“வசந்தா.” அவள் விட்டாள், ஹாலைத் தாண்டிக் கேட்கிற மாதிரி. “ஏ வசந்தா, வெந்நி.” ஒரு நொடி நிறுத்தினாள், பிறகு முன்னைவிடப் பலமாகத் தொடங்கினாள். குளியலறையில் குரல் நின்றுபோயிற்று. பூனை ஒருதரம் கத்தியது, அதை அவர் கண்ணு என்றுகூடக் கூப்பிடவில்லை. குழாய் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் விட்டுக்கொண்டே இருந்தாள், மூடின கண்ணிலிருந்து வழிந்து காதுக்குள் போனதைத் துடைக்கவில்லை, தூங்குகிறவர்கள் துடைக்க மாட்டார்கள். வெகு நேரம் கழித்து, தரையிலிருந்து, பூனையிடம் பேசுகிற குரலில் அல்ல, அவள் இதுவரை கேட்டிராத சின்னக் குரலில், அவர் கேட்டார்.

“முழிச்சுட்டுத்தான இருக்குற?”

அவள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்து அடுத்த குறட்டையை விட்டாள்.